நீச்சல் தடாகத்து நீரும் பீ.எச். பெறுமானமும்

அலகு: அமிலங்களும் மூலங்களும் – நீரின் தூய்மை



"சேர், எங்கள் வீட்டில் நீச்சல் தடாகமா இருக்கிறது? இதைப் படித்து என்ன பயன்?" சென்ற தவணை இப்பாடத்தைத் தொடங்கியபோது ஒரு மாணவி இவ்வாறு கேட்டாள். நியாயமான கேள்விதான். வகுப்பில் இருந்த ஒருவர் வீட்டிலும் தடாகம் இல்லை. பதிலுக்கு நான் வேறொன்றைக் கேட்டேன். "உங்கள் குடும்பத்திலோ உறவிலோ யாராவது ஹோட்டலில், விடுதியில் வேலை செய்கிறார்களா?" பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன.

கண்டி நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில், அம்பிட்டிய, அனிவத்த, ஹந்தான, திகன எனப் பல இடங்களிலும் விடுதிகளும் விடுமுறை வீடுகளும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் சிறிய நீச்சல் தடாகம் ஒன்றும் இருக்கும். அதன் நீரைக் கவனிப்பவர் பெரும்பாலும் இரசாயனவியல் பட்டதாரி அல்லர். சாதாரண தரம் வரை படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த இளைஞர்தான். அதாவது, இன்னும் ஓரிரு வருடங்களில் உங்களில் ஒருவர்.

நான் வரலாறும் புவியியலும் படிப்பிக்கும் கலைப்பட்டதாரி. விஞ்ஞானப் பகுதியில் இப்பாடத்தை எழுத முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்படியான ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள், வெளிற்றும் தூள் கரைத்த வாளியைக் கழுவாமல் அதிலேயே அமிலத்தை ஊற்றிவிட்டான். மஞ்சட்பச்சை நிறப் புகை எழுந்தது. பம்பி அறையிலிருந்து வெளியே ஓடி வந்துவிட்டதால் உயிர் தப்பினான். ஆனால் பல நாட்கள் இருமிக்கொண்டே இருந்தான். பரீட்சையில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி பெற்றவன் அவன். "சேர், பாடமாக்கினேன், ஆனால் அது இதுதான் என்று தெரியவில்லை" என்று பின்னர் என்னிடம் சொன்னான். அந்த ஒரு வசனத்துக்காகவே இந்தப் பாடம்.

1. தேங்கிய நீர் ஏன் பழுதடைகிறது?

ஓடும் ஆற்றில் சேரும் அழுக்கை நீரோட்டம் கொண்டுபோய்விடும். தேங்கிய நீரில் அது தங்கிவிடும். இதை நமது முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அநுராதபுரத்தில் அபயகிரி விகாரைக்குரிய குட்டம் பொக்குண என்னும் இரட்டைக் குளத்தைச் சுற்றுலாவின்போது பார்த்திருப்பீர்கள். நிலத்தடிக் கால்வாய் வழியாக வரும் நீர் நேரே குளத்தினுள் விழுவதில்லை. முதலில் சிறு தொட்டி ஒன்றில் தங்கி, மண்ணும் மணலும் அடியில் படிந்த பின்னரே குளத்தினுள் செல்லும். இதுவே அடையல் படியவிடல். இன்றைய நீர் சுத்திகரிப்பு நிலையத்திலும் இது ஒரு முக்கிய படி. இன்று படிகாரம் சேர்த்து இதனை விரைவுபடுத்துவர்.

ஆனால் அடையலை அகற்றினால் மட்டும் போதாது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய நமது கண்டி வாவியை எடுத்துக்கொள்வோம். நகரின் கழிவுநீருடன் நைத்திரேற்றுக்களும் பொசுபேற்றுக்களும் வந்து சேர்கின்றன. இவை பயிருக்கு உரமாவது போலவே அல்காக்களுக்கும் உரமாகின்றன. 1999ஆம் ஆண்டு வாவியின் மேற்பரப்பு பச்சை நிறத் தீந்தை பூசியது போலானது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் சயனோபற்றீரியா பெருகியதே அதற்குக் காரணம். போசணைப் பொருள்கள் மிகுந்து இவ்வாறு நிகழ்வதை நற்போசணையாக்கம் என்கிறோம். சொல்லில் 'நல்' என்று இருந்தாலும் நீருக்கு அது நல்லதன்று. பரீட்சையில் இச்சொல்லால் ஏமாறுபவர்கள் உண்டு.

தடாகத்திலும் இதே கதைதான். குளிப்பவரின் வியர்வை, சிறுநீர், தோலில் பூசிய எண்ணெய், காற்றில் வந்து விழும் இலை ஆகிய எல்லாம் நுண்ணங்கிகளுக்கு உணவாகும். வாவிக்குக் குளோரின் இட முடியாது, மீன்கள் செத்துவிடும். தடாகத்துக்கு இடலாம், இடத்தான் வேண்டும்.

2. குளோரின் நீரில் என்ன செய்கிறது?

குளோரினை நீரில் சேர்க்கும்போது நடைபெறும் தாக்கத்தின் சொற்சமன்பாடு:

குளோரின் + நீர் ⇌ ஐதரோகுளோரிக் அமிலம் + ஐப்போகுளோரசு அமிலம்

கிருமிகளைக் கொல்லும் வீரன் இந்த இரண்டாவது அமிலம்தான். இது மென்னமிலம். ஆகையால் நீரில் பகுதியாகவே பிரிகையடையும்:

ஐப்போகுளோரசு அமிலம் ⇌ ஐதரசன் அயன் + ஐப்போகுளோரைற்று அயன்

இடப்பக்கத்தில் உள்ள அமில மூலக்கூற்றுக்கு ஏற்றம் இல்லை. எனவே அது பற்றீரியாவின் கலச்சுவரை இலகுவாக ஊடுருவி, உள்ளே உள்ள பொருள்களை ஒட்சியேற்றி அதைக் கொல்லும். வலப்பக்கத்தில் உள்ள ஐப்போகுளோரைற்று அயனுக்கு மறை ஏற்றம் உண்டு. பற்றீரியாவின் மேற்பரப்பும் மறை ஏற்றமுடையது. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? எனவே அந்த அயன் கிருமி கொல்வதில் பல மடங்கு பலவீனமானது.

தடாகத்தில் உள்ள குளோரின் எந்தப் பக்கத்தில் கூடுதலாக இருக்கும்? இதைத் தீர்மானிப்பது நீரின் பீ.எச். பெறுமானம். பாடத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, சற்று நிதானமாக வாசியுங்கள்.

பீ.எச். அளவுத்திட்டத்தை 1909ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சன். அவர் வேலை செய்தது கோப்பன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பேர்க் பியர் வடிசாலையின் ஆய்வுகூடத்தில். அங்கு பிறந்ததே நீங்கள் இன்று மனனம் செய்யும் 0 தொடக்கம் 14 வரையான அந்த அளவுகோல். 7 நடுநிலை. அதற்குக் கீழ் அமிலம், மேல் மூலம். ஒரு படி ஏறினால் ஐதரசன் அயன் செறிவு பத்தில் ஒன்றாகக் குறையும். "பீ.எச். கூடினால் அமிலம் கூடும்" என்று ஒவ்வொரு வருடமும் எழுதுகிறீர்கள். தயவுசெய்து இந்த வருடம் எழுதாதீர்கள்.

இனி மேலே உள்ள இரண்டாவது சமன்பாட்டைப் பாருங்கள். நீரில் ஐதரசன் அயன் கூடுதலாக இருந்தால் தாக்கம் இடப்பக்கம் தள்ளப்படும், வீரன் பெருகுவான். ஐதரசன் அயன் குறைந்தால் வலப்பக்கம் போகும், பலவீனமான அயன் பெருகும். அண்ணளவான கணக்கு வருமாறு: பீ.எச். 7.0 ஆயின் குளோரினில் நான்கில் மூன்று பங்கு வீரியமுள்ள அமிலமாக இருக்கும். 7.5 ஆயின் பாதி. 8.0 ஆயின் நான்கில் ஒன்று. 8.5 ஆயின் ஏறத்தாழ பத்தில் ஒன்று மாத்திரமே.

ஓர் உதாரணம். ஒரு தடாகத்தில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருக்கிறது, பீ.எச். 8.5. வீரியமுள்ள பங்கு 0.2 மில்லிகிராம். இன்னொரு தடாகத்தில் லீற்றருக்கு 0.4 மில்லிகிராமே இருக்கிறது, பீ.எச். 7.0. வீரியமுள்ள பங்கு 0.3 மில்லிகிராம். ஐந்தில் ஒரு பங்கு குளோரின் உள்ள தடாகம் கிருமியைக் கூடுதலாகக் கொல்கிறது! முதலாவது தடாகக்காரர் காசையும் கொடுத்து, நோயையும் வாங்குகிறார்.

அப்படியானால் பீ.எச். பெறுமானத்தை 5 வரை இறக்கினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். கூடாது. அமில நீர் கண்ணையும் தோலையும் எரிக்கும், உலோகக் குழாய்களை அரிக்கும், ஓடுகளுக்கு இடையில் பூசிய சீமெந்தைக் கரைக்கும். கண்ணீரின் பீ.எச். சுமார் 7.4. ஆகவே 7.2 தொடக்கம் 7.8 வரையுள்ள வீச்சே மனிதனுக்கும் குளோரினுக்கும் ஒத்துவரும் நடுப்பாதை. இந்த வீச்சில் லீற்றருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் சுயாதீனக் குளோரின் இருத்தல் வேண்டும்.

3. அனுபவத்தில் நடக்கும் தவறு

கடையில் வாங்கும் வெளிற்றும் தூள், கல்சியம் ஐப்போகுளோரைற்று, திரவமாக விற்கப்படும் சோடியம் ஐப்போகுளோரைற்று ஆகிய எல்லாம் மூல இயல்புடையவை. இவற்றை இடும்போது நீரின் பீ.எச். உயரும். ஊழியர் குளோரின் இடுகிறார், பீ.எச். ஏறுகிறது, குளோரின் பலமிழக்கிறது, நீர் பச்சையாகிறது. "போட்டது போதவில்லை" என்று மீண்டும் இடுகிறார், பீ.எச். இன்னும் ஏறுகிறது. செக்கு மாடு போல ஒரே வட்டத்தைச் சுற்ற வேண்டியதுதான். இதிலிருந்து வெளியேற வழி இன்னொரு பை தூள் அல்ல. முதலில் பீ.எச். பெறுமானத்தை அளந்து, தேவையாயின் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இறக்குவதே வழி.

மூக்கை நம்புவது அடுத்த தவறு. "குளோரின் மணம் பலமாக அடிக்கிறது, எனவே நீர் சுத்தம்" என்பர். உண்மை இதற்கு நேர்மாறானது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள அமோனியா, யூரியா போன்ற நைதரசன் சேர்வைகளுடன் குளோரின் தாக்கம் புரிந்து குளோரமீன்கள் உண்டாகின்றன. கண்ணைச் சிவக்க வைப்பதும் மூக்கை அரிப்பதும் இவையே. மணம் கடுமையாக இருந்தால் நீரில் அழுக்கு மிகுந்து, சுயாதீனக் குளோரின் அதனுடன் சேர்ந்து செலவாகிவிட்டது என்று பொருள். நன்கு பராமரித்த தடாகத்தில் மணம் மிகக் குறைவு. இறங்குமுன் உடம்பைக் கழுவச் சொல்வது வெறும் ஒழுங்குவிதி அன்று, இரசாயனவியல்.

கண்ணையும் முற்றாக நம்ப முடியாது. டீ.பீ.டி. மாத்திரையை நீர் மாதிரியில் இட்டால் குளோரின் இருக்குமிடத்து இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். ஆனால் குளோரின் அளவுக்கு மிஞ்சினால், தோன்றிய நிறத்தையே அது வெளிற்றிவிடும். மாதிரி நிறமற்றிருப்பதைக் கண்டவர் "குளோரின் இல்லை" என்று எண்ணி இன்னும் கொட்டுவார். சந்தேகம் வந்தால், குளோரின் சேராத நீரால் மாதிரியை ஐதாக்கி மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். பீ.எச். பார்க்கப் பீனோல் சிவப்பு என்னும் காட்டி பயன்படும். அமிலப் பக்கம் மஞ்சள், மூலப் பக்கம் சிவப்பு. பாசிச்சாயத் தாள் இதற்குப் போதாது. அது அமிலமா மூலமா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

4. நமது மண்ணும் மழையும்

புவியியல் ஆசிரியன் ஆகையால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. திகனப் பகுதியில் தொலமைற்றுப் பாறை காணப்படுகிறது. அங்கு கல் அகழும் இடங்களை வீதியால் போகும்போதே காணலாம். தொலமைற்று என்பது கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் காபனேற்று. இப்பாறையினூடாக ஊறிவரும் கிணற்று நீர் வன்னீராக இருக்கும். அத்தகைய நீரைத் தடாகத்துக்கு நிரப்பி, பீ.எச். பெறுமானத்தையும் உயரவிட்டால், கல்சியம் காபனேற்று வெண்ணிறமாக வீழ்படிவாகும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் அதே வெண்படிவு தடாகத்தின் ஓட்டிலும் வடிகட்டியிலும் படியும்.

மழைநீர் மென்னீர். காபனீரொட்சைட்டு கரைந்திருப்பதால் சிறிதளவு அமிலத் தன்மையும் உண்டு. கண்டிக்கு இரு பருவக் காற்றுகளாலும் மழை கிடைக்கிறது. பெருமழைக்குப் பின் தடாகத்தின் குளோரின் ஐதாகும், பீ.எச். பெறுமானமும் மாறும். நீரில் இருகாபனேற்று போதியளவு இருந்தால் இம்மாற்றம் பெரிதாக இராது. அது அமிலம் வந்தால் அதை ஏற்றுக்கொண்டு பீ.எச். சட்டென விழாமல் தாங்கும். குறைவாயின் சேர்க்க வேண்டியது சோடியம் இருகாபனேற்று, அதாவது அம்மா அப்பத்துக்குப் போடும் அப்பச்சோடா. வெயிலும் கவனிக்கத்தக்கது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் குளோரினைப் பிரிகையடையச் செய்யும். எனவே மாலையில் குளோரின் இடுவதே சிக்கனம்.

5. சுடுநீர்த் தொட்டி

சில விடுதிகளில் நாலைந்து பேர் அமரக்கூடிய, குமிழி எழும்பும் சுடுநீர்த் தொட்டியும் உண்டு. சிறியதுதானே என்று எண்ணக்கூடாது. நீர் குறைவு, ஆட்கள் நெருக்கம், வெப்பநிலை 40 பாகை செல்சியஸ் வரை. குளோரின் விரைவாகச் செலவாகும். காற்றுக் குமிழிகள் கரைந்துள்ள காபனீரொட்சைட்டை வெளியேற்றுவதால் பீ.எச். தானாகவே ஏறும். ஆகவே இங்கு லீற்றருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின் தேவை, ஒரே நாளில் பல தடவை சோதிக்கவும் வேண்டும்.

கவனிக்காவிட்டால் என்ன நடக்கும்? 1999ஆம் ஆண்டு நெதர்லாந்தின் பொவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. விற்பனைக்காக அங்கு ஒரு சுடுநீர்த் தொட்டியை இயக்கிக் காட்டினார்கள். அதில் வளர்ந்த லெஜியோனெல்லா என்னும் பற்றீரியா, நுண்ணிய நீர்த்திவலைகளுடன் காற்றில் கலந்தது. தொட்டியில் இறங்காமல் அருகால் நடந்துபோனவர்களுக்கும் நியுமோனியாக் காய்ச்சல் கண்டது. சுமார் 30 பேர் இறந்தனர்.

6. பம்பி அறையில் பாதுகாப்பு

என் மாணவனுக்கு நடந்தது என்ன என்பதை இப்போது நீங்களே விளக்கலாம். ஐப்போகுளோரைற்றுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படையினர் போராயுதமாகத் திறந்துவிட்டதும் இதே வாயுதான். வரலாற்றுப் பாடத்தில் முதலாம் உலக யுத்தம் படிக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

குளோரினின் சார் அணுத்திணிவு 35.5. எனவே மூலக்கூற்றுத் திணிவு 71. வளியின் சராசரி 29. ஆகவே குளோரின் வளியிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியானது. அது மேலே போகாது, தரையோடு தங்கும். பம்பி அறைகள் பல நிலமட்டத்துக்குக் கீழே இருப்பதை எண்ணிப் பாருங்கள். மணம் பட்டால் குனிந்து வாளியைத் தேடாமல், உடனே வெளியே, காற்று வரும் திசையை நோக்கி, மேடான இடத்துக்குச் செல்லுங்கள். மூச்சு முட்டினால் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். பிறரைக் காப்பாற்ற என்று திரும்ப உள்ளே போகாதீர்கள்.

அமிலத்தையும் குளோரின் தூளையும் ஒரே இராக்கையில் வைக்கக்கூடாது. இரண்டுக்கும் வெவ்வேறு வாளி, வெவ்வேறு அகப்பை. எப்போதும் நீரில்தான் இரசாயனத்தைச் சேர்க்க வேண்டும், இரசாயனத்தின் மீது நீரை ஊற்றக்கூடாது. ஒரு வகைக் குளோரின் முடிந்ததும் அதே பாத்திரத்தில் வேறு வகையைக் கொட்டுவதும் ஆபத்து. கல்சியம் ஐப்போகுளோரைற்றும் குளோரின் வில்லைகளும் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும்.

7. அளவைக் கணித்தல்

8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் சராசரி 1.5 மீற்றர் ஆழமும் கொண்ட தடாகத்தின் கனவளவு 48 கன மீற்றர், அதாவது 48,000 லீற்றர். லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் தேவையான குளோரின் 96,000 மில்லிகிராம், அதாவது 96 கிராம். நம்மிடம் உள்ள தூளில் பயன்படத்தக்க குளோரின் 65 சதவீதம் எனின், 96 ஐ 0.65 ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 148 கிராம். பலர் இங்கு 0.65 ஆல் பெருக்கி 62 கிராம் என்று எழுதிப் புள்ளியை இழக்கின்றனர். தூய்மை குறைந்த பொருளாயின் கூடுதலாகத்தான் தேவைப்படும் என்று சற்று யோசித்தால் இத்தவறு வராது.

இதே கணக்கு உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் உதவும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் பல குடும்பங்களைச் சிதைத்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளநீர் புகுந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, குளோரின் இட்ட பின்னரே பாவிக்க வேண்டும். சேற்று நீரில் நேரே குளோரினைக் கொட்டுவதால் பலனில்லை. சேற்றில் உள்ள சேதனப் பொருள்களே அதைத் தின்றுவிடும். இட வேண்டிய அளவைப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். அவர் கேட்கும் முதற் கேள்வி "கிணற்றில் எவ்வளவு நீர்?" என்பதாக இருக்கும். 1.4 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் ஆழ நீரும் உள்ள வட்டக் கிணறு என்றால் 3,080 லீற்றர் என்று நீங்கள் உடனே சொல்லலாம். குடிநீரில் அரை மணித்தியாலத்தின் பின்னும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும், அதுவும் பீ.எச். 8 இலும் குறைவாக இருக்கும்போது. ஏன் இந்த நிபந்தனை என்று இனி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பயிற்சி வினாக்கள்

1. பீ.எச். பெறுமானம் 7.2 இலிருந்து 8.2 ஆக உயரும்போது ஐதரசன் அயன் செறிவு எத்தனை மடங்கு மாறும்? குளோரினின் கிருமிகொல்லும் திறனுக்கு யாது நிகழும்? காரணம் தருக.

2. "கடுமையான மணம் வீசும் தடாகமே தூய்மையான தடாகம்." இக்கூற்றை ஏற்பீரா? குளோரமீன்களைக் குறிப்பிட்டு விளக்குக.

3. திகனவில் உள்ள ஒரு விடுதியின் தடாகத்தில் ஓடுகள் மீது வெண்படிவு காணப்படுகிறது. அதன் மீது சில துளி ஐதான அமிலம் இட்டபோது நுரைத்தது. வெண்படிவு யாது? வெளியேறிய வாயு யாது? அவ்வாயுவை இனங்காணும் சோதனையை எழுதுக.

4. 6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 1.2 மீற்றர் சராசரி ஆழம் கொண்ட தடாகத்தில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் குளோரின் பெற, 65 சதவீதத் தூள் எத்தனை கிராம் தேவை? (50 கிராமுக்கு மிக அண்மையாக வராவிட்டால் வகுத்தீர்களா பெருக்கினீர்களா என்று பாருங்கள்.)

5. ஊழியர் ஒருவர் பம்பி அறையில் அமிலத்தையும் வெளிற்றும் தூளையும் ஒரே வாளியில் சேர்த்துவிட்டார். நீர் வாசலில் நிற்கிறீர். நீர் செய்யும் முதல் மூன்று செயல்களையும் வரிசைப்படி எழுதி, ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானக் காரணம் ஒன்று தருக.